இரண்டு புரொசசர் போடும் முன் போர்ட்டின் பெயரைப் படியுங்கள்

போன வருடம் ஒரு சனிக்கிழமை மாலை, வெள்ளவத்தையில் நான் வேலை செய்கிற இடத்துக்கு ஒரு தம்பி பெட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே புரொசசர் உட்காருகிற சொக்கெட் இரண்டு உள்ள பாவித்த மதர்போர்ட் ஒன்று, இன்டெலின் ஜியோன் இ5-1650 வி3 புரொசசர் இரண்டு. எதிலும் பழுதில்லை. ஒன்றை மட்டும் போட்டால் போர்ட் எழும்பியது. இரண்டையும் போட்டால் திரை கறுப்பாகவே இருந்தது. அவர் மூன்று நாளாக ரேமை மாற்றி, பவர் சப்ளையை மாற்றி, நித்திரை இல்லாமல் நின்றிருக்கிறார். காரணம் 1650 என்ற இலக்கத்தில் முதலாவதாக நிற்கிற அந்த 1. அந்த வரிசைப் புரொசசர் தனியாக ஓடுவதற்கென்றே வந்தது. பக்கத்துப் புரொசசருடன் பேசுகிற பாதை அதில் திறந்திருக்காது. சொக்கெட் ஒன்றுதான், அச்சாக உட்காரும், ஆனால் சோடியாக ஓடாது.

விற்றவர் ‘சொக்கெட் சரி, போடலாம்’ என்று சொல்லியிருக்கிறார். சொக்கெட்டைப் பற்றி அவர் சொன்னது உண்மை. இரட்டைப் புரொசசர் போர்ட்டுக்கு அந்த உண்மை போதாது. இந்த வழிகாட்டியை எழுத அந்தத் தம்பியின் மூன்று நாள்தான் காரணம். படம் வரைகிறவர்கள், வீடியோ வெட்டுகிறவர்கள், ஒரே கணினியில் பல சேர்வர்களை ஓட்டிப் பழகுகிற மாணவர்கள் என்று கொழும்பில் பலர் இப்போது பழைய சேர்வர் சாமான்களைத் தேடி வாங்குகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் சேர்த்து வைத்த காசு. அது வீணாகக் கூடாது.

தொடங்கும் முன் ஒன்று. உங்கள் வேலை கேம் விளையாடுவதும் இணையம் பார்ப்பதும் என்றால் இரண்டு புரொசசர் வேண்டாம். கேம்கள் இரண்டு சொக்கெட்டைப் பயன்படுத்தத் தெரியாதவை. பல நேரம் ஒற்றைப் புரொசசரை விட மெதுவாகவே ஓடும். கரண்ட் பில் மட்டும் ஏறும். முப்பரிமாண ரெண்டரிங், ஒரே நேரத்தில் பல மெய்நிகர் கணினிகள் (ஒரு கணினிக்குள் மென்பொருளால் ஓடுகிற கணினிகள்), பெரிய நிரல்களைத் தொகுப்பது, நிறைய ரேம் தேவைப்படுகிற கணக்கீடு, இவற்றில் ஏதாவது இருந்தால் மேலே வாசியுங்கள்.

முதலில் போர்ட்

புரொசசர் மலிவாகக் கிடைக்கிறது என்று அதை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு போர்ட் தேடுகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். போர்ட்டைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். அதன் பெயர் ரேம் துளைகளுக்குப் பக்கத்திலோ விரிவாக்கத் துளைகளுக்கு நடுவிலோ அச்சிடப்பட்டிருக்கும். ஓர் ஓரத்தில் சின்ன எழுத்தில் பதிப்பு இலக்கமும் இருக்கும். இரண்டையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதிப்பு இலக்கம் ஏன் என்று கேட்காதீர்கள். கொஞ்சம் கீழே அதற்கு வருகிறேன்.

பெயரைப் படிக்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. சுப்பர்மைக்ரோ நிறுவனத்தின் இரட்டைப் போர்ட்களில் எக்ஸ்9 என்று தொடங்கினால் ஜியோன் இ5 முதல் தலைமுறையும் இரண்டாம் தலைமுறையான வி2 உம். எக்ஸ்10 என்றால் வி3, வி4. எக்ஸ்11 என்றால் அதற்குப் பின்வந்த ஸ்கேலபிள் வரிசை. அடுத்து வருகிற எழுத்து ‘டி’ என்றால் இரண்டு சொக்கெட், ‘எஸ்’ என்றால் ஒன்று. எக்ஸ்10டிஆர்ஐ இரட்டை, எக்ஸ்10எஸ்ஆர்ஐ ஒற்றை. ஏசுஸில் இசெட்9பிஇ-டி8 என்பது முதல் தலைமுறைக்கும் வி2 க்கும், இசெட்10பிஇ-டி8 என்பது வி3 க்கும் வி4 க்கும்.

பெயர் தெரிந்ததும் தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்தப் போர்ட்டின் பக்கத்துக்குப் போய், எந்தெந்தப் புரொசசர் ஓடும் என்ற பட்டியலைத் திறவுங்கள். நீங்கள் வாங்க நினைக்கிற மாடல் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். பக்கத்து வரியில் எந்தப் பயோஸ் பதிப்பிலிருந்து ஓடும் என்றும் போட்டிருப்பார்கள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பயோஸ் என்பது போர்ட்டுக்குள்ளேயே இருந்து கணினியை எழுப்புகிற மென்பொருள். கடைக்காரர் சொல்வதை விட, சமூக வலைத்தளத்தில் யாரோ ஓடியது என்று சொல்வதை விட, என் சொல்லை விடவும் அந்தப் பட்டியல் பெரிது.

சீனாவிலிருந்து புதிதாக வருகிற எக்ஸ்79, எக்ஸ்99 என்று பெயர் போட்ட இரட்டைப் போர்ட்களில்தான் இந்த வழி முழுதாக உதவாது. எக்ஸ்99 என்பது உண்மையில் 2014 இல் ஒற்றைச் சொக்கெட் கணினிகளுக்காக இன்டெல் விட்ட சிப்செட்டின், அதாவது போர்ட்டில் மற்றச் சாதனங்களை இணைக்கிற சிப்பின் பெயர். பெட்டியில் அந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே வேறு பழைய சிப்செட் இருக்கக்கூடும். பயோஸ் புதுப்பிப்பும் ஒழுங்காக வருவதில்லை. அவற்றில் நன்றாக ஓடுகிறவையும் உண்டு. ஆனாலும் முதல் தடவை கட்டுகிற ஒருவருக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

புரொசசரின் பெயரில் ஒளிந்திருக்கும் எண்ணிக்கை

இப்போது பாவித்த சந்தையில் அதிகம் புழங்குவது இன்டெலின் இ5 வரிசை. இ5 க்குப் பிறகு நாலு இலக்கம் வரும். அதில் முதல் இலக்கம், ஒரே போர்ட்டில் எத்தனை புரொசசர்வரை சேர்ந்து ஓடும் என்பதைச் சொல்கிறது. 1 என்றால் தனி. 2 என்றால் இரண்டு. 4 என்றால் நாலு. இரட்டைப் போர்ட்டுக்கு வேண்டியது 26 என்று தொடங்குவது: 2620, 2650, 2680, 2690 என்று போகும். அந்தத் தம்பி வாங்கிய 1650 வி3 ஆறு கோர் (உள்ளே தனித்தனியாகக் கணக்குப் போடுகிற பகுதிகள்), 3.5 கிகாஹேர்ட்ஸ். அதே ஆறு கோருடன் 3.4 கிகாஹேர்ட்ஸில் 2643 வி3 இருக்கிறது. கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 2643 இல் புரொசசர்களை இணைக்கிற க்யூபிஐ பாதை உண்டு, 1650 இல் இல்லை. கோர் ஐ7-5820கே போன்ற மேசைக் கணினிப் புரொசசர்களும் அதே சொக்கெட்டில் உட்காரும். அவையும் சோடி சேரா.

24 என்று தொடங்குகிறவையும் இரட்டைக்கானவைதான், ஆனால் சொக்கெட் வேறு, 1356 ஊசி. விலை குறைவாக இருக்கிறது என்று 2470 ஐ வாங்கிவிட்டு 2011 ஊசிச் சொக்கெட்டின் மேல் வைத்துப் பார்த்துத் திகைத்தவரை எனக்குத் தெரியும்.

அடுத்தது கடைசியில் வருகிற வி. ஒன்றும் போடாமல் இருந்தால் முதல் தலைமுறை, 2012 இல் வந்தது, அதிகபட்சம் எட்டுக் கோர். வி2 2013 இல், பன்னிரண்டு கோர்வரை. இவை இரண்டுக்கும் எல்ஜிஏ 2011 சொக்கெட், டிடிஆர்3 ரேம். வி3 2014 இல், பதினெட்டுக் கோர்வரை. வி4 2016 இல், இருபத்திரண்டு கோர்வரை. இவற்றுக்கு எல்ஜிஏ 2011-3 சொக்கெட், டிடிஆர்4 ரேம். 2011 உம் 2011-3 உம் பெயரில் அண்ணன் தம்பி போலத் தெரியும், ஊசி எண்ணிக்கையும் ஒன்று. ஆனால் ஓரத்து வெட்டுகள் வேறு, உள்ளே மின் இணைப்பும் வேறு. வி2 வை வி3 போர்ட்டில் அழுத்தி உட்கார வைக்கப் பார்த்தால் ஊசிகள் நசிந்துபோகும்.

2017 இல் இன்டெல் பெயர்முறையை மாற்றிவிட்டது. ஸ்கேலபிள் வரிசையில் புரோன்ஸ், சில்வர், கோல்ட், பிளாட்டினம் என்று வந்தன. சொக்கெட் எல்ஜிஏ 3647. இதில் இரண்டாவது இலக்கம் தலைமுறை: கோல்ட் 6130 முதலாவது, 6230 இரண்டாவது. இந்த இரண்டு தலைமுறையும் ஒரே போர்ட்டில் ஓடும், பயோஸ் இடம் கொடுத்தால். கவனிக்க வேண்டியது கடைசி எழுத்து. ‘யு’ என்று முடிந்தால், 6210யு போல, அது ஒற்றைச் சொக்கெட்டுக்கு மட்டும். அதனால்தான் அது மலிவாக இருக்கும். ஜியோன் டபிள்யு-3200 வரிசையும் 3647 இல்தான் உட்காரும், தனியாகத்தான் ஓடும். மூன்றாம் தலைமுறையிலிருந்து சொக்கெட்டே வேறு.

இன்டெலின் போட்டியாளரான ஏஎம்டி பக்கம் எபிக் என்ற சேர்வர் புரொசசர்கள். 2017 இல் 7001, 2019 இல் 7002, 2021 இல் 7003 வரிசைகள் வந்தன. மூன்றுக்கும் எஸ்பி3 சொக்கெட். இங்கே கடைசி இலக்கம் தலைமுறை: 7551 முதலாவது, 7742 இரண்டாவது, 7763 மூன்றாவது. பின்னால் ‘பி’ இருந்தால், 7551பி, 7402பி என்று, தனியாக மட்டும். ஏஎம்டியின் மேசைக் கணினிப் புரொசசரான திரெட்ரிப்பரும் பார்வைக்கு எபிக்கைப் போலவே இருக்கும். எஸ்பி3 போர்ட்டில் ஓடாது.

எபிக் வாங்குகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது எந்தச் சேர்வரிலிருந்து கழற்றியது? சில சேர்வர் தயாரிப்பாளர்கள் பாதுகாப்புக்காக எபிக் புரொசசரை முதல் தடவை இயக்கும்போதே தங்கள் போர்ட்டுடன் பூட்டிவிடுகிறார்கள். உள்ளே ஒரு சிறு மின்னுருகி எரிந்துவிடும். அதைத் திருப்ப முடியாது. பிறகு அந்தப் புரொசசர் வேறு தயாரிப்பாளரின் போர்ட்டில் உயிர் பெறாது. வெளியே அதற்கு எந்த அடையாளமும் இருக்காது. ‘பூட்டு இல்லை’ என்று விற்பவர் எழுத்தில் தராவிட்டால் வாங்காதீர்கள். இதில் நான் இரக்கம் பார்ப்பதில்லை.

பயோஸும் பதிப்பும்

போர்ட்டின் பதிப்பு இலக்கத்தைப் படம் எடுக்கச் சொன்னேன் அல்லவா? இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

சுப்பர்மைக்ரோ எச்11டிஎஸ்ஐ என்கிற எபிக் இரட்டைப் போர்ட். பதிப்பு 1 இல் பயோஸ் சிப் சிறியது, 7001 வரிசைக்கு மட்டும் அளவானது. பதிப்பு 2 இல் பெரிய சிப், 7002 உம் ஓடும். பெயர் ஒன்று, படம் ஒன்று, வித்தியாசம் ஓரத்தில் இருக்கிற அந்த இலக்கம் மட்டும்.

இரண்டாவது எச்பி இசெட்620, இசெட்820 கணினிகள். இவற்றின் பயோஸில் ‘பூட் புளொக்’ திகதி என்று ஒரு வரி இருக்கும். அது 2011 என்றால் முதல் தலைமுறை இ5 மட்டும். 2013 என்றால் வி2 உம் ஓடும். பயோஸை எவ்வளவு புதுப்பித்தாலும் அந்தத் திகதி மாறாது. ஆகவே இசெட்820 ஒன்றை வி2 போடும் எண்ணத்தில் வாங்கப் போனால், கடையிலேயே இயக்கிக் காட்டச் சொல்லி அந்த வரியைப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

மற்றப் போர்ட்களில் பெரும்பாலும் பயோஸ் புதுப்பித்தாலே போதும். வி3 காலத்தில் வந்த போர்ட் வி4 வை அடையாளம் காண 2016 அளவிலான பயோஸ் தேவை. இதில் ஒரு கோழி முட்டைச் சிக்கல் இருக்கிறது: பயோஸைப் புதுப்பிக்கக் கணினி எழும்ப வேண்டும், எழும்பப் பழைய புரொசசர் வேண்டும். என்னிடம் 2603 வி3 ஒன்று இதற்கென்றே மேசை லாச்சியில் கிடக்கிறது. உங்களிடம் இல்லையென்றால் போர்ட் விற்கிற கடையிலேயே ‘புதிய பயோஸ் ஏற்றித் தாருங்கள்’ என்று கேளுங்கள். காசு கொடுக்கும் முன்பு கேட்டால் செய்து தருவார்கள். சேர்வர் போர்ட்களில் தொலைவிலிருந்து மேலாண்மை செய்கிற தனிச் சிப் இருக்கும். சிலவற்றில் அதன் வழியாகப் புரொசசர் இல்லாமலே பயோஸ் ஏற்றலாம், ஆனால் சில தயாரிப்பாளர்கள் அதற்குத் தனி உரிமச் சாவி கேட்பார்கள்.

பயோஸ் ஏற்றும்போது யூபிஎஸ்ஸில் செருகியிருக்க வேண்டும். 2022 இல் நாங்கள் மணிக்கணக்காக இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், எந்த அறிவிப்பும் இல்லாமல் நாடு முழுவதும் கரண்ட் போனது. பாதியில் நின்ற பயோஸ் போர்ட்டைச் செத்த பலகையாக்கிவிடும். பிறகு சிப்பை வெளியிலிருந்து எழுதுகிற கருவியைத் தேடிப் போக வேண்டும்.

சோடி சேர்ப்பது

இரண்டு புரொசசரும் ஒரே மாடலாக இருக்க வேண்டும். 2680 வி3 ஒன்றும் 2690 வி3 ஒன்றும் என்று கலக்கக் கூடாது. கோர் எண்ணிக்கை, வேகம், உள் நினைவகம், இணைப்புப் பாதையின் வேகம் எல்லாம் ஒத்திருக்க வேண்டும். இப்போது ஒன்று, சம்பளம் வந்ததும் மற்றது என்று திட்டம் போடுகிறவர்களுக்கு என் சொல்: முடிந்தால் இரண்டையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து அதே மாடல் கிடைக்கும், அதே படிநிலை கிடைக்குமா என்பதுதான் சந்தேகம்.

படிநிலை என்றால் ஒரே மாடலைத் தொழிற்சாலையில் திருத்தித் திருத்தி விட்ட பதிப்பு. இன்டெல் புரொசசரின் உலோக மூடியில் எஸ்ஆர் என்று தொடங்குகிற ஐந்தெழுத்துக் குறி இருக்கும். அதுதான் படிநிலையைக் காட்டுவது. முதல் தலைமுறை 2670 இல் எஸ்ஆர்0எச்8 என்பது சி1 படிநிலை, எஸ்ஆர்0கேஎக்ஸ் என்பது சி2. சி1 இல் சாதனங்களை மெய்நிகர் கணினிக்கு நேரடியாக ஒப்படைக்கிற வசதியில் பிழை இருந்தது, சி2 இல் திருத்தினார்கள். மெய்நிகர் கணினி ஓட்டப் போகிறவருக்கு அந்தக் குறி விலையை விட முக்கியம். இரண்டு மூடியிலும் ஒரே குறி இருக்கும்படி பார்த்து வாங்கினால் பின்னால் தலையிடி இல்லை.

எஸ்ஆர் க்குப் பதிலாகக் க்யூ எழுத்தில் தொடங்குகிற நாலெழுத்துக் குறி இருந்து, ‘கொன்ஃபிடென்ஷல்’ என்றும் பொறித்திருந்தால் அது சோதனைக்காகச் செய்த மாதிரி. இன்டெல் அதை விற்பனைக்கு விடவில்லை. சில போர்ட்களில் ஓடும், சிலவற்றில் ஓடாது, பயோஸ் புதுப்பித்ததும் ஓடாமல் போகலாம். எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

சூடும் மின்சாரமும்

போர்ட்டின் கையேட்டில் ஒரு சொக்கெட்டுக்கு இத்தனை வொட் வரை என்று எழுதியிருக்கும். 2687டபிள்யு வி3 160 வொட். 145 வரை என்று சொன்ன போர்ட்டில் அது சேராது. 2680 வி4 பதினான்கு கோருடன் 120 வொட். கொழும்பு வெக்கையில், குளிரூட்டி இல்லாத அறையில் வைப்பவர்களுக்கு 120 க்குக் கீழே நிற்கும்படி நான் சொல்வேன். இரண்டு 120 சேர்ந்தால் 240 வொட், வேலை நடக்கும் நேரமெல்லாம் அறைக்குள் பழைய நூறு வொட் குண்டு பல்ப் இரண்டுக்கு மேல் எரிந்துகொண்டே இருப்பது போல.

பவர் சப்ளையில் எட்டு ஊசிப் புரொசசர் இணைப்பு இரண்டு இருக்க வேண்டும், ஒவ்வொரு சொக்கெட்டுக்கும் ஒன்று. கிராஃபிக் அட்டைக்கான எட்டு ஊசி இணைப்பு பார்வைக்கு ஒத்திருந்தாலும் அது வேறு, மின்முனைகள் தலைகீழ். பெரிய தயாரிப்பாளர்களின் கணினியிலிருந்து கழற்றிய போர்ட் என்றால் அதன் மின் இணைப்பே தனி வடிவமாக இருக்கும்; சாதாரண பவர் சப்ளை பொருந்தாது. அப்படியான கணினியை முழுதாக வாங்குவதுதான் நல்லது.

புரொசசரின் சூட்டை இறக்குகிற வெப்பத்தணிப்பான் வாங்கும் முன் சொக்கெட்டைச் சுற்றியுள்ள நாலு திருகுகளின் இடைவெளியை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். 2011 சொக்கெட்டில் சதுரம் என்றால் 80 க்கு 80 மில்லிமீற்றர், ஒடுக்கம் என்றால் 56 க்கு 94. புரொசசருக்கு இரண்டும் ஒன்றுதான், வெப்பத்தணிப்பானுக்கு அல்ல. கேசிங்கையும் இப்போதே யோசியுங்கள். இரட்டைப் போர்ட்கள் பல 305 க்கு 330 மில்லிமீற்றர். சாதாரண கேசிங்கில் மூடி மூடாது.

ரேம்

ஒவ்வொரு புரொசசருக்கும் சொந்த ரேம் துளைகள் உண்டு. இரண்டாவது சொக்கெட் வெறுமையாக இருந்தால் அதன் பக்கத்து ரேம் துளைகள் செத்தவை. அதனுடன் இணைந்த விரிவாக்கத் துளைகளும் அப்படியே. கிராஃபிக் அட்டை வேலை செய்யவில்லை என்று பழுது பார்க்க வருகிற இரட்டைப் போர்ட்களில் பாதிக்கு இதுதான் காரணம். நாலு ரேம் இருந்தால் இரண்டு இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரு பக்கம் குவித்தால் மற்றப் புரொசசர் ஒவ்வொரு தடவையும் அயல்வீட்டுக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும்.

ரேம் ஒட்டுத்தாளில் பிசி4-2133பி-ஆர் என்பது போல ஒரு வரி இருக்கும். கோட்டுக்குப் பிறகு வருகிற ஆர், எல், இ, யு என்ற எழுத்து ரேமின் வகை. ஒரு வகையை மற்றதுடன் கலக்க முடியாது. சேர்வர் போர்ட்டுக்குப் பெரும்பாலும் ஆர் வகை.

பொருத்துவது

மின்விசிறியை நிறுத்துங்கள், மேசையைத் துடையுங்கள், கேசிங்கின் உலோகத்தைத் தொட்டுவிட்டுத் தொடங்குங்கள். கைத்தொலைபேசியின் டோர்ச்சைச் சரித்துப் பிடித்துச் சொக்கெட்டின் ஊசிகளைப் பாருங்கள். எல்லா ஊசியும் ஒரே சாய்வில் மினுங்க வேண்டும். ஓரிடத்தில் வெளிச்சம் உடைந்து தெரிந்தால் அங்கே ஊசி வளைந்திருக்கிறது. கடற்கரைப் பக்கம் வீடுள்ளவர்கள் உப்புக்காற்றையும் எண்ண வேண்டும்: பாவிக்காத சொக்கெட்டைத் திறந்து வைக்காதீர்கள், பிளாஸ்டிக் மூடி எப்போதும் மேலே இருக்கட்டும்.

நான் தொடங்கிய காலத்தில், அவசரத்தில், ஒரு வாடிக்கையாளரின் போர்ட்டில் புரொசசரை ஓரமாகத் தவறவிட்டேன். ஏழு ஊசி வளைந்தது. ஊசி முனையாலும் உருப்பெருக்கியாலும் இரவு இரண்டு மணிவரை நிமிர்த்தினேன். ஆறு வந்தது. ஏழாவது முறிந்தது. அந்தப் போர்ட்டின் விலையை நான் மூன்று மாதத்தில் கட்டினேன். அதனால்தான் சொல்கிறேன்: புரொசசரை இரு ஓரத்தில் பிடித்து, மூலை முக்கோணக் குறி பொருந்த, நேர் கீழே இறக்குங்கள். தள்ளவோ தேய்க்கவோ வேண்டாம். எபிக் என்றால் மூடியில் 1, 2, 3 என்று திருகுகளுக்கு இலக்கம் போட்டிருக்கும். அந்த ஒழுங்கில் இறுக்குங்கள், கழற்றும்போது 3, 2, 1.

முதல் நாளே இரண்டையும் போடாதீர்கள். முதலாவது சொக்கெட்டில் ஒரு புரொசசர், அதன் பக்கத்தில் ஒரு ரேம், அவ்வளவுடன் எழுப்பிப் பாருங்கள். பிறகு அதைக் கழற்றி மற்றப் புரொசசரை அதே முதலாவது சொக்கெட்டில் வைத்துப் பாருங்கள். இரண்டும் தனித்தனியே எழும்பினால் பிறகு சேருங்கள். தனியாக ஓடி, சேர்த்தால் ஓடவில்லை என்றால் தேட வேண்டிய இடங்கள் சிலதான்: மாடல் சோடிக்கு உரியதா, இரண்டாவது சொக்கெட்டின் ஊசி, இரண்டாவது மின் இணைப்பு, அந்தப் பக்கத்தில் ரேம் இருக்கிறதா.

இயங்குதளத்தில் விண்டோஸ் 10 ஹோம் ஒரு புரொசசரைத்தான் பாவிக்கும். இரண்டுக்கு புரோ வேண்டும். விண்டோஸ் 11 இன் அதிகாரபூர்வப் பட்டியலில் இ5 வரிசை இல்லை. லினக்ஸ் இரண்டையும் தானாகவே கண்டுகொள்ளும். விண்டோஸில் டாஸ்க் மனேஜரைத் திறந்து, சொக்கெட் 2 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

கொழும்பில் வாங்கும்போது

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் அதைச் சுற்றியும், புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களிலும் தேடலாம். பாவித்த சேர்வர் சாமான் எல்லாக் கடையிலும் இருக்காது. ஒரு கடைக்காரர் இன்னொருவரைக் காட்டுவார், கூச்சப்படாமல் கேளுங்கள். ‘ஒக்கொம வெட கரனவா’, எல்லாம் வேலை செய்யும் என்று சிரித்த முகத்துடன் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. ஒரு புரொசசர் போட்டு எழும்பியதைத்தான் அவர்கள் பார்த்திருப்பார்கள். நீங்கள் இரண்டும் போட்டு இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். பயோஸ் திரையில் இரண்டு புரொசசரும் முழு ரேமும் தெரிவதைப் படம் எடுங்கள். பற்றுச்சீட்டில் போர்ட்டின் முழுப் பெயரும் பதிப்பும், புரொசசரின் மூடிக் குறியும், மாற்றித் தரும் நாள் எத்தனை என்பதும் எழுதியிருக்கட்டும்.

வெளிநாட்டிலிருந்து வருவித்தால் சாமானின் விலையுடன் கூலியும் சுங்கமும் சேரும். பெறுமதிசேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். பொருந்தாத புரொசசரைத் திருப்பி அனுப்புகிற செலவு பல நேரம் அதன் விலையையே தொட்டுவிடும். அதனால் போர்ட் கைக்கு வந்து, பதிப்பும் பயோஸும் பார்த்த பிறகே புரொசசருக்குக் காசு அனுப்புங்கள்.

கட்டி முடிந்ததும் ஒரு முழு இரவு பாரமான வேலை ஒன்றை ஓடவிட்டு, காலையில் இரண்டு புரொசசரின் வெப்பத்தையும் ஒப்பிடுங்கள். ஒன்று மற்றதை விடப் பத்துப் பாகைக்கு மேல் சூடாக இருந்தால் அந்த வெப்பத்தணிப்பானைக் கழற்றி, அதற்கும் புரொசசருக்கும் நடுவில் உள்ள வெப்பப் பசையைத் திருப்பிப் பூசுங்கள். அது சரியானதும் போர்ட்டின் பெயர், பதிப்பு, பயோஸ், இரண்டு மூடிக் குறி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி கேசிங்கின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை அதைத் திறக்கப் போவது நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.